தடைக்காலக் கணக்கு

விசைப்படகுகளைக் கட்டிப்போட்ட மறுநாள்
ஐஸ் கம்பெனியில் எனக்கு அரைச் சம்பளம்.
படகோட்டி இன்னாசிக்கு அதுவும் இல்லை.
மண்டபம் பஸ் நிறுத்தத்தில்
புதிதாய்ச் சவரம் செய்த முகத்தோடு நின்றான்.
"சோடிக்கு ரெண்டாயிரம் கட்டணும்.
பெரியபட்டினத்துல ஆரம்பம், தொண்டியில முடிவு.
அறுபத்தோரு நாள் சும்மா கெடந்து என்ன செய்ய?"

ஆட்டம் முந்நூற்று நாலு.
எதிரே உட்கார்ந்திருப்பவன்தான் உன் ஆள்.
அவனிடம் பேசக் கூடாது, தேவையில்லாமல்
இருமவும் கூடாது.
கேள்வியை எடுத்தவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான்,
ஒருவன் வெட்டும் வரை அது எந்த இனமென்று
அவனைத் தவிர ஆருக்கும் தெரியாது.
ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது,
ராஜாவுக்கு வெறும் மூன்று.
எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதே
அந்த மூன்றால்தான்.

பெரியபட்டினத்தில் முப்பத்தாறு சோடி.
மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட்டோம்.
ஐஸ் கம்பெனி நோட்டின் பின்பக்கம் எழுதினேன்:
நுழைவு 2000. பஸ். புரோட்டா. பீடி அவன் கணக்கு.

கீழக்கரையில் காசு கட்டினால் சூது என்று
சொல்லிவிட்டார்கள். நுழைவு இலவசம்.
துபாய்க்காரர் ஒருவர் பரிசுக்குச் சாமான் அனுப்பியிருந்தார்.
அசர் பாங்குக்குச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள்.
அந்த இருபது நிமிடமும் நானும் இன்னாசியும்
நாலு கைச் சீட்டுக்குக் காவல்.
மூன்றாம் பரிசு ஒரு மிக்ஸி.
ஒரு மிக்ஸியை இரண்டு பேர் எப்படிப் பிரிப்பது?
தொண்டி முடிந்ததும் விற்றுப் பங்கு போடலாம்,
அதுவரை மோட்டார் என் வீட்டில்,
மூன்று ஜாரும் அவன் வீட்டில்.

வாலிநோக்கத்தில் காற்று.
இறக்கிய சீட்டின் மேல் ஈயக்குண்டு வைத்து ஆடினோம்.
திருப்பாலைக்குடியில் ஜீப் வந்தது.
ஏட்டு அரை மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.
"சூதா இது?" என்றார் முதலில்.
கிளம்பும்போது, "ஒன்பதை ஏன்யா அவ்வளவு சீக்கிரம் இறக்கினே?"
அங்கே மூவாயிரம் கிடைத்தது.

தேவிபட்டினத்துக்கு முந்தின நாள்
பல்வலி என்று ராமநாதபுரம் போய்வந்தான்.
சட்டைப்பையில் வெள்ளைப் பின்னணியில்
அவன் முகம் எட்டுப் பிரதி.
போட்டி அடையாள அட்டைக்கு என்று நினைத்தேன்.
ஒரு போட்டியிலும் அட்டை கேட்டதில்லை
என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தொண்டி. கடைசி மேசை.
எதிரே நூகுத்தம்பியும் அவர் மச்சினனும்.
நாலு சீட்டு கைக்கு வந்ததும்
இன்னாசி "இருநூறு" என்றான்.
இரண்டு மாதமாய் நூற்றெழுபதைத் தாண்டாத வாய்.
நான் அவன் கண்ணைப் பார்த்தேன்.
அவன் என் தலைக்கு மேலே
கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.
மச்சினன் வெட்டினான், துருப்பு திறந்தது: கிளாவர்.
ஜாக்கி நூகுத்தம்பியிடம் இருந்தது.
நூற்றுத் தொண்ணூற்றைந்து எடுத்தோம்.
ஐந்து குறை.
இன்னாசி சிரித்தான்.
தோற்றுவிட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை அவன்.

இரண்டாம் பரிசு இருபதாயிரம்.
வரவு இருபத்துமூன்று, நுழைவு பத்து,
வழிச்செலவு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூற்றைம்பது.
பஸ்ஸில் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
பக்கத்தில் அவன் தூங்குவதாக நினைத்திருந்தேன்.
"சரியாத்தான் இருக்கு" என்றான், கண்ணைத் திறக்காமல்.

தடை முடிந்த ராத்திரி
விடிய விடிய ஐஸ் உடைத்தேன்.
அவன் படகுக்கும் நான்தான் ஏற்றினேன்.
சுக்கானில் வேறொரு பையன்.
"இன்னாசி அண்ணனா? பஹ்ரைன்.
நேத்தே திருச்சியில பிளைட் ஏறியாச்சே,
ஒங்களுக்குத் தெரியாதா?"
தெரியும் என்றேன்.

காலையில் வாட்ச்மேன் ஒரு பை கொடுத்தார்.
மூன்று ஜார், கழுவித் துடைத்து,
செய்தித்தாளில் சுற்றி.
வீட்டில் மனைவி ஒவ்வொன்றாய் மோட்டாரில் பொருத்திப் பார்த்தாள்.
"சின்ன ஜாருக்கு மூடி எங்க?"